நெட்டையனை விடுவதா, வைத்திருப்பதா?

ரூ பெர்தொனே, பாரிஸ்
18 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான், மனைவி அஜந்தா, மகள் அனுஜா மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எங்கள் கிளப்புக்காக மன்றாடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மாதாவுக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை இருக்கும்.

கடைசியாக நான் கையால் கடிதம் எழுதி இருபது வருசம் இருக்கும். முத்திரை வாங்கப் போனால் தபால் கந்தோர்ப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எல்லாம் உங்கள் மனைவி, என் உடன்பிறந்த அக்கா மார்கிரட் போட்ட தண்டனை. சித்தப்பாவின் மகள் தயாளினி தன் பிள்ளையின் ஞானஸ்நானப் படங்களைக் குடும்ப வட்சப் குழுவில் போட, அதற்குக் கீழே நீங்களும் நானும் அவுஸ்திரேலியக் காற்பந்துக் கதை கதைத்து நூற்றுப் பதினாலு செய்தி போட்டது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். உங்களை "மாட்டு மண்டை" என்று நான் குரல் பதிவில் கத்தியதும் பிழை. அந்தக் குழுவில் பங்குச் சுவாமியும் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக எங்கள் இருவரையும் குழுவை விட்டுக் கலைத்து, "இனிப் பந்தைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் கடிதம் எழுதுங்கோ. போய்ச் சேரப் பத்து நாள் எடுக்கும், அதுக்குள்ளை ரெண்டு பேருக்கும் கோவம் ஆறும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில்கூடப் பந்து என்ற சொல் வந்தால் வைத்துவிடுகிறாள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நெட்டையனை விடத்தான் வேண்டும். ஆள் ஆறடி எட்டங்குலம், எங்கள் கொக்குகள் கிளப்பில் பந்தை எட்டிப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள், எல்லாம் எனக்கும் தெரியும். சனிக்கிழமை ஐந்தரைக்கு எழும்பி லாச்சப்பலில் இருக்கிற என் கடைக்கு வந்து, ருங்கிஸ் மார்க்கெட்டிலிருந்து மரக்கறி வான் வருமுன் போனில் ஆட்டம் பார்க்கிறவன் நான். ஆனால் பெடியனுக்கு ஊர் பேர்த். பதினெட்டு வயதில் பிடித்து மெல்பேணுக்குக் கொண்டுவந்தோம். நாலு வருசமாய்த் தாயின் சமையலை நினைத்து வாடுகிறான், போக விடுங்கோ என்று கேட்கிறான். பேர்த் கிளப்காரர் பதிலுக்குத் தங்கள் ஒன்பதாம் இலக்கப் பிக்கைத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு கையைக் குலுக்கி அனுப்புவதுதான் மரியாதை.

இதைக் கடைக்குக் கோப்பி குடிக்க வரும் எமில் மொசியோவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு சொல்லி முடியாது. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபாலில் முப்பது வருசம் இருந்து ஓய்வு பெற்றவர். "வருசக் கடைசியில் நாட்டிலுள்ள பதினெட்டு வயதுப் பெடியளை வரிசையில் வைத்து, தோற்ற கிளப் முதலில், வென்ற கிளப் கடைசியில் என்று ஒவ்வொருவராய்ப் பொறுக்குவார்கள். அதுதான் டிராஃப்ட். பொறுக்குகிற முறை இலக்கம்தான் பிக். அதைக் கொடுத்து ஆளையும் வாங்கலாம்" என்றேன். "அப்போ புள்ளைங்ககிட்ட எந்த ஊருக்குப் போக இஷ்டம்னு யாருமே கேக்க மாட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "எங்க போஸ்ட்டுலயும் இப்படித்தான் மியூத்தாசியோன்னு இடமாற்றம் போட்டு ஊர் ஊரா அனுப்புவாங்க மொசியோ. ஆனா எங்களுக்கு யூனியன் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு அன்பும் எதிர்ப்பும்.

மைத்துனன்,
றொபின்சன்


டண்டினோங், மெல்பேண்
1 செப்ரெம்பர் 2025

அன்பு மச்சான் றொபினுக்கு,

உன் கடிதம் பத்தாம் நாள் வந்தது. உறையில் "அவசரம்" என்று நீ எழுதியதைக் கண்டு பயந்துபோன அக்கா தானே உடைத்தாள். முதல் வரியில் மாதாவைக் கண்டு சந்தோசப்பட்டவள், நெட்டையனைக் கண்டதும் என் மடியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ பாரிசில் இருந்து போனில் பார்க்கிறவன். நான் மழையில் நனைந்து பார்க்கிறவன். சொல்கிறேன் கேள்: நெட்டையனை விடக்கூடாது. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வரும்போது அவனுக்கு இருந்தது கொக்கின் கால்தான். நாலு வருசம் சாப்பாடும் பயிற்சியும் கொடுத்து ஆளாக்கியது நாங்கள். காய் பழுக்கிற நேரம் பார்த்து அயல்வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் கை நீட்டினால் பிடுங்கிக் கொடுத்துவிடுவதா? இவனை விட்டால் நாளைக்கு அடுத்தவனும் தாயின் கறி ஞாபகம் வருகிறது என்று அழுவான்.

ஒன்பதாம் பிக், ஒன்பதாம் பிக் என்கிறாய். முன்னொருமுறை ஏழாம் பிக்கில் ஒரு பெடியனை எடுத்து, கிண்ணம் கைக்கு வந்த மாதிரி நீயும் நானும் துள்ளினோமே, அவன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? வீடு விற்கும் புரோக்கர். எங்கள் தெரு முனையில் அவன் படம் போட்ட பலகை நிற்கிறது. நான் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான்.

வேறு விசேஷம் இல்லை. பின் அறையைத் துப்பரவாக்கிப் பெயின்ற் அடிக்கச் சொல்லி அக்கா என்னை வதைக்கிறாள். அதுவும் இளம்பச்சை வேண்டுமாம். இருபது வருசமாய் நான் சேர்த்த ஆட்டப் புத்தகங்கள் எல்லாம் கராஜுக்குப் போய்விட்டன. "என்னத்துக்கப்பா இது?" என்று கேட்டால் "சும்மா" என்கிறாள். இருபத்திரண்டு வருசத்தில் அவள் சும்மா செய்த வேலை ஒன்றை நான் கண்டதில்லை.

அஜந்தாவையும் பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாட்டு மண்டை டெனிஸ்டன்


ரூ பெர்தொனே, பாரிஸ்
14 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே வாசித்து, வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனத்துக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த நோயை எனக்குத் தந்ததே நீங்கள்தான், மறந்துவிட்டீர்களா? 2005இல் உங்களைப் பார்க்க வந்தவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல் மைதானத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கொக்குகள் தொண்ணூற்றெட்டுப் புள்ளியால் தோற்றார்கள். கொட்டும் மழையில் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிவிட்டு, "அடுத்த வருசம் பார் மச்சான்" என்றீர்கள். இருபது அடுத்த வருசம் போய்விட்டது. இத்தனை தோல்வி பார்த்த எனக்கு ஒரு விஷயம் நன்றாக விளங்கியிருக்கிறது. போக நினைக்கிறவனைக் கட்டி வைத்தால் உடம்புதான் இங்கே நிற்கும், மனம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். இதை நீங்கள் கண்ணாடி போட்டு அலுமாரிக்கு மேல் கொழுவலாம். கையெழுத்து என்ன கையெழுத்து? அன்பாய் விட்டால் அவன் எங்களை நல்லவிதமாய் நினைப்பான். பிடித்து வைத்தால் எங்களையே வெறுப்பான். சிரித்த முகத்தோடு அனுப்பத் தெரிந்தவன்தான் பெரிய கிளப்.

வீட்டில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அனுஜாவுக்குக் கடைசியில் அறிவு வந்துவிட்டது! கினே படிப்பு முடித்து, இப்போது பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு கிளினிக்கில் சனத்தின் முதுகையும் முழங்காலையும் பிடித்துச் சரிப்படுத்துகிறாள், தெரியும்தானே. சின்னதில் என் மடியில் இருந்து கொக்குகளின் முழங்கால் மடங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் படிப்பே எடுத்தேன் என்பாள். அதற்குப் பிறகு பந்து என்றால் எழும்பிப் போய்விடுவாள். இப்போது இரண்டு மாதமாய் என் பக்கத்தில் இருந்து ஆட்டம் பார்க்கிறாள். டண்டினோங்கில் இருந்து மைதானம் எவ்வளவு தூரம், ரயில் ஓடுமா, மெல்பேணில் குளிர் எப்படி, மாமா குறட்டை விடுவாரா என்றெல்லாம் கேட்கிறாள். எமில் மொசியோவோடு கடையின் பின்பக்கம் இருந்து ஏதோ தாள்களை நிரப்புகிறாள். நான் போனால் மறைத்துவிடுகிறார்கள். அந்த மனிசனுக்கு ஆட்ட விதிகளைப் படிப்பித்து எனக்கு ஒரு ஆச்சரியம் காட்டப் போகிறாள் என்று நினைக்கிறேன்.

நீங்களும் கெதியாய்த் திருந்துங்கள்.

மைத்துனன்,
றொபின்சன்


டண்டினோங், மெல்பேண்
27 செப்ரெம்பர் 2025

மிகவும் அன்பு நிறைந்த மச்சான் றொபினுக்கு,

இன்று இறுதி ஆட்டம். கொக்குகள் வழக்கம்போல வீட்டில் இருந்து பார்க்கிறார்கள். நானும் அப்படியே. ஆட்டம் தொடங்க முன்னர் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்றுமுறை வாசித்தேன் மச்சான். நீ சொல்வதுதான் சரி. நெட்டையனை விடத்தான் வேண்டும். இளம்பிள்ளைகளுக்கு ஒரு ஆசை வந்தால் பெரியவர்கள் குறுக்கே நிற்கக்கூடாது. உலகம் பெரிசு. ஒரு வருசம், இரண்டு வருசம் என்பது என்ன, கண்ணை மூடித் திறக்கப் போய்விடும். நல்ல ××××× கிளப் என்பது சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கும் என்று நீ எழுதியது என் மனதைத் தொட்டுவிட்டது. மேலே வெட்டியிருக்கும் சொல்லைப் படிக்கவேண்டாம், பேனா வழுக்கிவிட்டது.

பின் அறை வேலை முடிந்தது. இளம்பச்சை நன்றாய்த்தான் இருக்கிறது. ஒரு மேசையும் வாங்கிப் போட்டோம். சன்னலைத் திறந்தால் எலுமிச்சை மரம்.

உனக்கு இப்போது இரத்த அழுத்தம் எப்படி? மருந்தை ஒழுங்காய்ப் போடு. அக்காவும் கேட்கச் சொன்னாள்.

உன்னை எப்போதும் மதிக்கும்,
அத்தான் டெனிஸ்டன்


ரூ பெர்தொனே, பாரிஸ்
9 ஒக்ரோபர் 2025

டெனிஸ்டன் அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

இருபது வருசத்தில் நீங்கள் என்னோடு ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. இன்று வெய்யில் என்று நான் சொன்னால் குடையைத் தேடுகிற மனிசன். அப்படிப்பட்டவர் "நீ சொல்வதுதான் சரி" என்று எழுதினால் எனக்குச் சந்தேகம் வராதா? நீங்கள் வெட்டிய சொல்லை, கள்ளநோட்டுப் பார்க்கிற நீல லைற்றுக்குக் கீழே பிடித்தேன். தகப்பன் என்று வடிவாய்த் தெரிந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். அஜந்தா கரண்டியை வைத்துவிட்டு, "இப்பவாவது கேட்டீங்களே. நாலு மாசமாய் இதை வாய்க்குள்ளையே வைச்சிருக்கிறன்" என்றாள். அனுஜா தலையைக் குனிந்துகொண்டு, "பப்பா, சே பூர் அன் ஆன். ஒரு வருசம்தான். மெல்பேணிலை விளையாட்டுக் காயம் பார்க்கிற ஒரு கிளினிக்கிலை உதவியாளாய் எடுத்திருக்கினம். மாமா மாமி வீட்டிலைதான் நிப்பன். ஜனவரியிலை தொடங்க வேணும்" என்றாள். விசா வந்துவிட்டதாம். அக்காவுக்குத் தெரியும், அஜந்தாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எனக்கும் எமிலுக்கும்தான் தெரியாது என்று நினைத்துக் காலையில் அவரிடம் போய் அழுதால், ஆங்கிலப் படிவம் நிரப்பிக் கொடுத்ததே அவர்தானாம்!

அத்தான், உங்கள் விளையாட்டிலேயே இது பெரிய குற்றம். ஆளோடு பின்கதவால் பேசக்கூடாது, முதலில் கிளப்போடு பேச வேண்டும். அவளுக்குக் கிளப் நான். இருபத்துமூன்று வருசம் சாப்பாடு கொடுத்து ஆளாக்கியது நாங்கள். தகப்பன் விளையாடிய கிளப்புக்குத்தான் பிள்ளைமேல் முதல் உரிமை என்று ஒரு விதி இருக்கிறதே, அதன்படி பார்த்தாலும் அவள் எனக்கு. முந்நூறு ஆட்டத்துக்கு மேல் விடிய எழும்பிப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். நெட்டையன் தாயிடம் போகிறான். என் பிள்ளை தாயை விட்டுப் போகிறாள். இரண்டும் ஒன்றா?

"நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் போகமாட்டன்" என்கிறாள். நான் ஓம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்த அறைக்கு வேறு நிறம் அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

றொபின்சன்


டண்டினோங், மெல்பேண்
21 ஒக்ரோபர் 2025

அன்பு மச்சான் றொபினுக்கு,

நான் "அன்பு" போட்டுத்தான் எழுதுவேன். நீ விரும்பினால் வெட்டிவிட்டு வாசி.

உன்னிடம் மறைத்தது பிழை. மன்னித்துக்கொள். எனக்கே பச்சைப் பெயின்ற் காய்ந்த பிறகுதான் சொன்னார்கள், வாயைத் திறந்தால் கராஜில் படுக்கை என்ற நிபந்தனையோடு. எனக்கு இரகசியம் காக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பேனாவுக்கும் தெரியாது.

இப்போது உன் கடிதம். திகதி 14 செப்ரெம்பர். உன் கையெழுத்து. "போக நினைக்கிறவனைக் கட்டி வைத்தால் உடம்புதான் இங்கே நிற்கும், மனம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்." கண்ணாடி போட்டுக் கொழுவச் சொன்னாய். கொழுவிவிட்டேன், பின் அறையில். விதியைப் பற்றியும் சொல்லவேண்டும்: தகப்பன் நூறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் மச்சான். லாச்சப்பலில் மரக்கறிப் பெட்டிக்கு மேல் இருந்து பார்த்ததைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

பதினைந்தாம் திகதி நெட்டையன் பேர்த்துக்குப் போய்விட்டான். உனக்குச் செய்தி தெரிந்திருக்கும். ஒன்பதாம் பிக் எங்களுக்கு. நான்தான் வாதாடித் தோற்றேன், ஆனால் விமான நிலையத்தில் தாய் அவனைக் கட்டிப்பிடிக்க எம்பி நின்றதை ரிவியில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

நீ கேட்கிறாய், இரண்டும் ஒன்றா என்று. இல்லைத்தான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், இருபத்திரண்டு வருசமாய்க் கேட்காமல் வைத்திருக்கிறேன். நீ கலியாணம் கட்ட முன்னர் லாச்சப்பலில் ஒரே அறையில் நாலு வருசம் நீயும் நானும் கிடந்தோம். மெல்பேணில் இருந்த உன் அக்காவை எனக்குப் பேசி முடித்ததும் நீதான், 2003இல் கார் து நோர் ஸ்டேசனில் விமான நிலையத்துக்குப் போகிற ரயிலில் என்னை ஏற்றிவிட வந்ததும் நீதான். கதவு மூடும்போது நான் கை காட்டினேன். நீ என்னைப் பார்க்காமல் ரயில் நேரம் போடுகிற பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ரயில் வெளிக்கிட்ட பிறகும் பலகையையே பார்த்தாய். என்னடா பார்த்தாய் அதில்?

போனையாவது எடு.

அத்தான் டெனிஸ்டன்


டண்டினோங், மெல்பேண்
22 நவம்பர் 2025

அன்பு மச்சான் றொபினுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆறு ஞாயிறு போன் அடித்துப் பார்த்தோம். "அவர் கடையிலை நிக்கிறார்" என்று அஜந்தா சொல்கிறாள். ஞாயிறு இரவு பத்து மணிக்கு எந்தக் கடை?

வாதாட வரவில்லை. டிராஃப்ட் நடந்தது, அதை மட்டும் சொல்கிறேன். ஒன்பதாம் பிக்கில் அடிலெய்ட்டில் இருந்து ஒரு பதினெட்டு வயதுப் பெடியனை எடுத்தோம். நல்ல ஓட்டம், இடது கால். பெயர் வாசித்தவுடன் வீட்டில் எல்லாரும் துள்ளியதைக் காட்டினார்கள். தாய் மட்டும் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவில்லை. சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாள். பின்னால் தகப்பன் நின்றார். எல்லாரும் பிள்ளையைப் பார்க்க, அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகட்டில் ஒன்றுமே இல்லை.

உன் நினைவு வந்தது. எழுதவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

அறை அப்படியே இருக்கிறது. வேறு நிறம் அடிக்கவில்லை.

டெனிஸ்டன்


ரூ பெர்தொனே, பாரிஸ்
9 ஜனவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. கொண்டுவந்தவளின் கையில் இருந்து வாங்கி, முதலில் அவளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

உங்கள் நவம்பர்க் கடிதம் வந்து ஒரு கிழமை மேசையில் கிடந்தது. அனுஜா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மெல்பேண் என்ற சொல்லே அவள் வாயில் இல்லை. வேலைக்குப் போவாள், வருவாள், என் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசி உருவிவிடுவாள், "சே பா கிராவ் பப்பா, பயப்பிட ஒண்டுமில்லை" என்பாள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு சோடிச் செருப்பு காலோடு நிற்பதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். எழுதியவனால் அது பொய்யென்று சொல்ல முடியுமா?

கடையில் போனில் அந்த டிராஃப்ட் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். தகப்பன் முகட்டைப் பார்க்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எமில் மொசியோ எட்டிப் பார்த்தார். அவரோடு நான் இரண்டு மாதமாய்க் கதைக்கவில்லை, கோப்பி மட்டும் கொடுத்தேன். "அந்தப் புள்ளய யாரும் கேக்கல மொசியோ. உங்க பொண்ணு உங்களக் கேட்டுச்சே, அதுவே பெரிசு" என்றார். மனிசனுக்குச் சீனி போடாத கோப்பி கொடுத்ததற்கு வெட்கமாய் இருந்தது.

இருபது வருசமாய் நானும் பிக் பிக் என்று துள்ளியவன்தான் அத்தான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு கட்டில் காலியாகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அதோடு இன்னொன்றும் நினைத்தேன். சண்டைக்குள் நான் ஊரை விட்டு வந்தபோது வாசலில் நின்று கை காட்ட ஒருவரும் இல்லை. வாசலே இருக்கவில்லை. நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள், அக்காவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் கலைபட்டு ஓடாமல், தன் விருப்பத்துக்கு, போய்ட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிற முதல் ஆள் இவள்தான். அதற்கும் குறுக்கே நான் நின்றால் என்னைவிட மாட்டு மண்டை யார்? நத்தார்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஓம் என்று சொன்னேன். அவள் லாச்சப்பல் தெருவில் நின்று கத்திய கத்தலுக்கு, பூசைக்கு வந்த சனம் எனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடிவந்தது.

ஆனால் சும்மா விடமாட்டேன், இது ட்ரேட், ஆளைக் கொடுத்து ஆளை வாங்குகிற கணக்கு. 2003இல் உங்களைக் கொடுத்தேன். அக்காவுக்கு நல்ல மனிசன் கிடைத்தான், எனக்குப் பதிலுக்குக் கிடைத்தது கொக்குகள். இந்தமுறை ஏமாறத் தயாரில்லை. ஒக்ரோபரில் அக்காவும் நீங்களும் இங்கே வந்து ஒரு மாதம் எங்களோடு நிற்கவேண்டும். வருசம் முடிய அவள் திரும்பி வரவேண்டும். உங்கள் விளையாட்டில் ஆளைக் கடனாய்க் கொடுக்கிற முறை இல்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் இருக்கிறது.

அவளின் பெட்டியில் நீங்கள் தந்த அந்தப் பழைய சால்வையை வைத்திருக்கிறேன். போடமாட்டாளாம். நெட்டையன் போன பேர்த் கிளப்புக்குத்தான் ஆதரவாம், அவன் தாயோடு நிற்கிற பிள்ளையாம். இதை உங்கள் வீட்டில் வைத்துத் திருத்துவது உங்கள் பொறுப்பு.

அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் நான் ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை அத்தான். கண் முழுக்கத் தண்ணீர், உங்களைப் பார்த்தால் வழிந்துவிடும் என்று அண்ணாந்து நின்றேன். ரயில் போன பிறகு, ஏன் பார்க்கவில்லை என்று வீடு வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன். இருபத்திரண்டு வருசமாய் அதைத்தான் திட்டுகிறேன்.

நாளைக்கு அதே கார் து நோர், அதே ரயில். நான் பலகையைப் பார்க்கமாட்டேன். வழிந்தால் வழியட்டும், அவளைத்தான் பார்ப்பேன்.

உங்கள் மச்சான்,
றொபின்

பி.கு.: அக்காவிடம் சொல்லி என்னை உடனே வட்சப் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை வந்து சேர்ந்தாளா என்று அறியப் பத்து நாள் தபாலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது. பந்தைப் பற்றி ஒரு சொல் எழுதமாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் செய்கிறேன். மார்ச்சில் ஆட்டம் தொடங்கும் வரைக்கும்.